யார் ஊட்டுகிறார்கள்?

வேலைக்குக் கிளம்புமுன் வைதேகி தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, பிஸ்கட் டின் மூடியின் விளிம்பில் எச்சில் தொட்டு ஒட்டினாள். யாராவது மூடியைத் திறந்தால் முடி விழுந்துவிடும். சமையலறைக்குள் பணிப்பெண் முத்தாயி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாலையில் திரும்பியதும், கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் டின்னைத்தான் பார்த்தாள். முடி வைத்த இடத்திலேயே இருந்தது. அதனால் அவளுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. திறந்தவள் முடியைப் பார்த்துவிட்டு, திரும்பவும் ஒட்டி வைத்திருக்கலாம்.

கூடத்தில் மகன் ஜெய் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, காலி பால் பெட்டியின் மூலையை நக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது நான்கு. போட்டிருந்தது பத்து வயதுப் பையனுக்கான சட்டை. பிறந்தபோது மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இருந்தான். தாய்ப்பாலை நிறுத்துவதற்குள் கன்னம் கண்ணை மறைத்துவிட்டது. சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குத் தூக்கிப் போனால் மீன்காரர் முதல் பூக்காரம்மா வரை கிள்ளிக் கொஞ்சியது ஒரு காலம். இப்போது மின்தூக்கியில் ஏறுகிறவர்கள் முதலில் பிள்ளையைப் பார்க்கிறார்கள், பிறகு அவளைப் பார்க்கிறார்கள். அந்த இரண்டாவது பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

மருத்துவமனையில் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். லெப்டின் என்று ஒரு ஹார்மோன் உண்டாம். உடம்பின் கொழுப்பிலிருந்தே சுரந்து, மூளைக்குப் போய், இருப்பு போதும், சாப்பாட்டை நிறுத்து என்று சொல்லுமாம். அது சுரக்காமல் போகிற அபூர்வ நோயோ என்று மருத்துவருக்கு முதலில் சந்தேகம். ஜெய்யின் ரத்தத்தில் அது தாராளமாகவே இருந்தது. தாதி, கணவன் மனைவி ரத்த சொந்தமா என்று கேட்டாள். வைதேகியின் கணவன் சேதுபதி இல்லை என்றான். மருத்துவர் தலையாட்டிவிட்டுக் கணினியைப் பார்த்தபடியே சொன்னார்: வீட்டில் யாரோ பிள்ளைக்கு அதிகமாகக் கொடுக்கிறார்கள், யாரென்று கண்டுபிடியுங்கள்.

கூடவே ஒரு சமூகப் பணியாளர் அம்மாளும் இருந்தார். மிக மென்மையாகப் பேசினார். அடுத்த முறை வரும்போதும் எடை ஏறியிருந்தால், பிள்ளையை வார்டில் வைத்துக்கொண்டு பெற்றோர் இல்லாமல் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு அவன் எந்த வீட்டில் வளர்வது என்பதைச் சிறார் பாதுகாப்பு அதிகாரிகள் முடிவு செய்வார்களாம். வைதேகியை அந்த மென்மைதான் பயமுறுத்தியது.

குவீன்ஸ்டவுன் வீட்டில் இருப்பது நான்கு பேர். ஒருவன் பிள்ளை. சேதுபதி உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவான். அவளுக்கோ துறைமுகப் பக்கம் அலுவலகம். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது பணிப்பெண் முத்தாயிதான். விராலிமலைப் பக்கத்திலிருந்து வந்தவள், நாற்பதைத் தாண்டியவள், அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்கள்மேல் சந்தேகப்படுவது எளிது.

மூன்றாவது மாடி பாப்பம்மாள் அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றினாள். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது வைதேகியின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன் லா. உங்க வீட்டு ஆளு மத்தியானமானா பையைத் தூக்கிட்டு படிக்கட்டுக்கு வந்துருது. யாராச்சும் வந்தா டப்பாவ முந்தானையில மறைக்குது. அதுல என்ன இருக்கோ, யாருக்குக் குடுக்குதோ."

மறுநாள் வைதேகி பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேறினாள். பாப்பம்மாள் சொன்னது சரிதான். இரண்டு மாடிகளுக்கு நடுவே, தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில் முத்தாயி குந்தியிருந்தாள். மடியில் டப்பா. வைதேகியைப் பார்த்ததும் டப்பாவை மூடிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். வாயில் சோறு இருந்ததால் உடனே பேச முடியவில்லை.

தான் சாப்பிடத்தான் வந்ததாக முத்தாயி சொன்னாள். தம்பி தூங்கும் நேரத்தில் வந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவாளாம். வீட்டில் மென்றால் தம்பி வாயைப் பிளந்து பார்க்கிறானாம், விரலை விட்டு எடுக்கிறானாம்.

"பச்சப் புள்ள அப்படிக் கதறுறப்ப தொண்டையில எறங்கல மேடம். அதான் இங்க."

"புள்ளையத் தனியா விட்டுட்டு?"

"கதவத் தொறந்துதான் வச்சிருக்கேன். சத்தம் கேக்கும்."

வைதேகி நம்பவில்லை. மூன்று வேளையும் அந்த வீட்டில் சாப்பாடு இருக்கிறது, மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. நேர்மையாகச் சாப்பிடுகிற யார் படிக்கட்டுக்கு வருவார்கள்? அன்றே பணிப்பெண் ஏஜென்சிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்: சாப்பாட்டு விஷயத்தில் கைசுத்தம் இல்லை, பிள்ளையைக் கெடுக்கிறாள், வேறு ஆள்கூட வேண்டாம். முத்தாயி பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படும்போது ஜெய் அவள் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அதுவும் வைதேகிக்கு ஒரு சாட்சியாகப்பட்டது. தின்னக் கொடுத்தவளைத்தானே பிள்ளை இப்படிப் பிடித்துக்கொள்ளும்?

வைதேகி நீண்ட விடுப்பு எடுத்தாள். குளிர்பதனப் பெட்டிக்குச் சங்கிலியும் பூட்டும் வந்தன. அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் அலமாரிக்குள் போய்ச் சாவி அவள் கழுத்துக்கு வந்தது. மருத்துவமனைக்காரர்கள் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் அவளே ஊட்டினாள்.

முதல் வாரத்திலேயே ஜெய் யாரென்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. தட்டு காலியானதும் அழுகை தொடங்கும். அடம் பிடிக்கிற அழுகை இல்லை. பட்டினி கிடந்த பிள்ளையின் அழுகை. குப்பைக் கூடையில் போட்ட வாழைப்பழத் தோலை மென்றான். உறைந்த மீன் துண்டு இளகட்டும் என்று வைத்தபோது, அதை ஐஸோடு கடித்தான். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போயிருந்தான். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி வாசலில் சாமிக்கு வைத்திருந்த ஆரஞ்சுப் பழங்களைத் தோலோடு தின்றுகொண்டிருந்தான். வைதேகி மன்னிப்புக் கேட்கப் போனபோது பாட்டி கையை வீசி, பரவாயில்லை என்றார். ஆனால் அவர் பார்வையும் அந்த மின்தூக்கிப் பார்வைதான்: பிள்ளைக்குச் சோறு போடுவதில்லையோ?

எடை பார்க்கும் கருவியை வீட்டிலேயே வாங்கி வைத்திருந்தாள். முத்தாயி போன பிறகும் முள் மேலேதான் நகர்ந்தது.

அப்படியானால் முத்தாயி இல்லை. அல்லது முத்தாயி மட்டும் இல்லை. யாரோ ஒருவர் பிள்ளைக்கு இந்த ருசியைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள், இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருந்தது சேதுபதி. அவன் இப்போதெல்லாம் வீட்டில் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்கிறான். வரும்போது வாயில் புதினா மிட்டாய் வாசம். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் எண்ணெய் படிந்த காகித உறை ஒன்று சிக்கியது. முகர்ந்து பார்த்தாள். கறி பஃப்.

கேட்டதற்கு அவன் தடுமாறினான். உட்லண்ட்ஸ் பேருந்து நிலையத்தில் நின்றபடியே தின்றுவிட்டு வருவதாகச் சொன்னான். எல்லை தாண்டி ஜொகூருக்குப் போகிற கூட்டத்தின் நடுவில் நின்றால் யாரும் பார்க்கமாட்டார்களாம். யாரும் பார்க்கக்கூடாத அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், கட்டிப்பிடிக்கிற சாக்கில் அவன் பைகளைத் தடவிப் பார்த்தாள். அவனுக்கும் அது புரிந்தது. கட்டிக்கொள்வதை அவன் நிறுத்திவிட்டான்.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை. ஜெய் அழுது களைத்து, பொம்மை ரயிலின் சக்கரத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். வைதேகி காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அலமாரியைச் சத்தமில்லாமல் திறந்து, பாத்திரத்தில் ஒளித்து வைத்திருந்த இரண்டு இட்லிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தாழிட்டாள். மெல்லும் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். சட்னி இல்லாத காய்ந்த இட்லி. நின்றபடியே விழுங்கினாள்.

இரண்டாவது இட்லி பாதி இறங்கியபோதுதான் எதிரே கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். உப்பிய கன்னம், கதவுப் பக்கம் ஒரு கண். படிக்கட்டில் குந்தியிருந்த முத்தாயி இப்படித்தான் இருந்தாள்.

அவளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். பேருந்து நிலையத்தில் நின்று தின்கிற சேதுபதியும் உண்மையைத்தான் சொன்னான். இந்த வீட்டில் யாரும் ஜெய்க்கு ஒளித்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் ஜெய்க்கு ஒளிந்துதான் சாப்பிடுகிறார்கள்.

கதவு தட்டப்பட்டது. சேதுபதி அன்று சீக்கிரம் வந்துவிட்டான். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டதால் அவனுக்கும் சந்தேகம். திறந்தவளின் உதட்டோரம் இட்லித் துணுக்கு ஒட்டியிருந்தது. அவன் அவளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த துண்டைப் பார்த்தான், திரும்பிக் கூடத்தில் தரையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான்.

"நீதானா?" என்றான்.

அவள் வாயில் இட்லி இருந்ததால் உடனே பேச முடியவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்கு எம்ஆர்டி ரயிலில் போனார்கள். ஜெய்யை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். எடை ஏறித்தான் இருந்தது. சமூகப் பணியாளர் அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று மென்மையாகக் கேட்டார். அன்று மருத்துவரும் புதியவர். ஷமீமா என்று பெயர், தமிழர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பழைய குறிப்புகளை ஒருமுறை படித்தார். வீட்டில் யார் சமைப்பது, யார் ஊட்டுவது என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.

சேதுபதி அதற்காகவே காத்திருந்தவனைப் போல வெடித்தான். குளியலறையில் கண்டதைச் சொன்னான். மனைவி ஒளித்து வைத்துத் தின்கிறாள், பிள்ளைக்கும் அப்படித்தான் பழக்கியிருப்பாள் என்றான். வைதேகி பதிலுக்குக் கறி பஃப் உறையைப் பற்றிச் சொன்னாள். சமூகப் பணியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களிடம் பிள்ளையை விடுவதா என்று அவர் முடிவெடுத்துக்கொண்டிருப்பது வைதேகிக்குத் தெரிந்தது. சேதுபதிக்கு அது தெரியவில்லை. கோபத்தில் கண் கலங்கியிருந்தான்.

"எங்கியோ பொண்ணு எடுத்திருந்தா இவ்வளவு வலிக்காது டாக்டர். சொந்த மாமா பொண்ணுன்னு நம்பித்தான் கட்டினேன்."

மருத்துவர் ஷமீமா பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த மாமா?"

"எங்கம்மாகூடப் பொறந்த அண்ணன். அவர்தான் இங்க வந்து செட்டிலாயிட்டாரு. அவரு பொண்ணு இது."

"சரி. ரத்த சொந்தம் இல்லைன்னு இதுல போட்டிருக்கே. யார் சொன்னது?"

சேதுபதிக்குக் கேள்வியே புரியவில்லை. "நான்தான் சொன்னேன். அது முறைதானே டாக்டர்? அவங்க குலதெய்வம் வேற, எங்க குலதெய்வம் வேற. பங்காளி மொறைன்னா எப்படிக் கட்டிக் குடுப்பாங்க?"

அவன் பொய் சொல்லவில்லை. ரத்த சொந்தம் என்றால் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாத முறை. மாமன் மகள் கட்ட வேண்டிய முறை. வைதேகியிடம் கேட்டிருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். மருத்துவர் சிரிக்காமல் தலையாட்டினார். எங்கள் வீட்டிலும் மாமி மகனைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் புரிகிறது என்றார். பிறகு குறிப்புகளைப் புரட்டி, பழைய ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்தார். இப்போது அவர் அதைப் பார்த்த விதமே வேறாக இருந்தது. அந்த எண்மேல் அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது.

"லெப்டின் நிறைய இருக்குன்னு லேப் சொல்லுது. எவ்வளவு இருக்குன்னுதான் அவங்க பார்ப்பாங்க. அது வேலை செய்யுதான்னு பார்க்க மாட்டாங்க," என்றார். "எம்ஆர்டி கேட்டுல நிக்கிறீங்க. பை நிறைய பயண அட்டை வச்சிருக்கீங்க. எல்லாத்துலயும் சிப் கெட்டுப்போச்சு. எண்ணிப் பார்த்தா நிறைய அட்டை. ஆனா கேட் தொறக்குமா?"

வைதேகி கேட்டாள்: "கேட் தொறக்கலைன்னா?"

"மூளைக்குச் செய்தியே போகாது. உடம்பு பூரா கொழுப்பு இருந்தாலும், இந்தப் பிள்ளை பட்டினியில சாகுதுன்னு மூளை நினைச்சுக்கிட்டே இருக்கும். நீங்க பூட்டினா பூட்டை உடைக்கச் சொல்லும்."

லெப்டினைச் செய்ய உடம்பில் ஒரு மரபணு இருக்கிறது, அதில் ஓர் எழுத்து மாறினாலும் இப்படி ஆகலாம் என்று விளக்கினார். மரபணு ஒவ்வொன்றும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரட்டையாக வருகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அதனால்தான் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். ஒரே தாத்தாவிடமிருந்து அதே பழுது இரண்டு கிளைகளிலும் இறங்கி வந்து, பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல். இது மிக அபூர்வம் என்றும், பருமனாக இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி இருக்காது என்றும் அழுத்திச் சொன்னார். மாமன் மகளைக் கட்டிய எல்லோருக்கும் இது வராது, ஆனால் சொந்தம் என்று சொன்னால்தான் நாங்கள் தேடுவோம் என்றார். இது வெறும் சந்தேகம்தான், மரபணுவைப் படித்துப் பார்த்தால்தான் உறுதி. அதுவரை பிள்ளை பெற்றோரிடமே இருக்கட்டும் என்று சமூகப் பணியாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் எழுதியதை அடித்தார்.

முடிவு வரும்வரை அந்த வீட்டில் விசித்திரமான அமைதி. ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட இனி காரணம் இல்லை. ஆனால் பழகிவிட்ட கை சும்மா இருக்கவில்லை. சேதுபதியின் சட்டையை எடுக்கும்போது வைதேகியின் விரல் தானாகவே பைக்குள் போனது. குழாய்ச் சத்தம் கேட்டால் சேதுபதி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தான்.

மருத்துவர் சந்தேகப்பட்டது சரிதான். இருவரிடமும் ஒவ்வொரு பழுது, ஜெய்யிடம் இரண்டும். வேலை செய்யக்கூடிய லெப்டினை ஊசியாகப் போடலாம், ஆனால் அதை வெளிநாட்டிலிருந்து சிறப்பு அனுமதி பெற்று வரவழைக்க வேண்டும் என்றார்கள். அது வந்து சேர்வதற்குள் வைதேகி பாதியாகிவிட்டாள். தினமும் ஒரு ஊசி. போடக் கற்றுக்கொண்டவன் சேதுபதி. அவள் பிள்ளையைப் பிடித்துக்கொள்வாள்.

ஊசி தொடங்கிச் சில நாள் கழித்து, காலைச் சாப்பாட்டில் ஜெய் பாதி தோசையைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து போனான். வைதேகிக்குச் சந்தோஷம் வரவில்லை. நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள். தலையணைக்கு அடியில், பொம்மைப் பெட்டிக்குள், சோபாவுக்குப் பின்னால் எங்கும் தேடினாள். வேறெங்கோ தின்றுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியது. எங்கும் எதுவும் இல்லை. அவன் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அன்று அவள் தோசைத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் ஏஜென்சிக்குத் தொலைபேசி செய்து, முத்தாயி எங்கே என்று கேட்டாள்.

கேலாங்கில் ஒரு வீட்டில் இருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் லிட்டில் இந்தியா பக்கம் வருவாள் என்றார்கள். மூன்று பேருமாகப் போனார்கள். சிராங்கூன் சாலைக் கூட்டத்தைக் கடந்து, புல்வெளியில் துணி விரித்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் வைதேகி அவளைக் கண்டுபிடித்தாள். முத்தாயியின் கையில் காகிதத்தில் சுற்றிய வடை. ஜெய்யைப் பார்த்த கணத்தில் அவள் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

ஜெய் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான். இன்னும் பருமன்தான். ஆனால் ஓடினான். மூக்கை உறிஞ்சினான்.

"வடையா?"

"இல்ல கண்ணு, ஒண்ணுமில்ல."

"வடைதான். எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுப் புறாக்களை விரட்டப் போய்விட்டான். சேதுபதி அவன் பின்னால் போனான்.

முத்தாயி கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தாள். பிறகு வைதேகியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

"புள்ளைக்கு என்ன மேடம் குடுத்தீங்க? மயக்க மருந்து ஏதாச்சுமா?"

வைதேகி சொன்னாள். ஹார்மோன், மரபணு, தாத்தா எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டு, படிக்கட்டில் சொன்னது உண்மை என்று இப்போது தெரியும் என்றாள். தப்பு என்னுடையது என்றாள். முத்தாயி தலையாட்டினாள். அது உண்மை என்பது அவளுக்கு முன்பே தெரிந்த விஷயம்தானே. புதிய வீட்டில் ஏஜென்சி சொன்னதைக் கேட்டு முதல் சில வாரம் குளிர்பதனப் பெட்டியைத் தொடவே விடவில்லை என்று மட்டும் சொன்னாள்.

"நான் அவங்ககிட்டப் பேசட்டுமா? நடந்தத நானே சொல்றேன்."

"வேணாம் மேடம். இப்பதான் அவங்க மறந்திருக்காங்க. நீங்க வந்து நல்லவன்னு சொன்னா, என்னமோ இருக்குன்னு திரும்பவும் பூட்டிருவாங்க."

"அப்ப நம்ம வீட்டுக்கு வந்துடுங்கக்கா."

புறாக் கூட்டத்தின் நடுவில் ஜெய் கையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அங்க என்னைய மேசையில உக்காந்து சாப்பிடச் சொல்றாங்க மேடம். இப்பதான் பழகிட்டு வருது."

முத்தாயி பக்கத்தில் துணியில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்தாள். வைதேகி உட்கார்ந்தாள். வடை இருந்த கை முன்னால் வந்தது. பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டிவிட்டு, பிள்ளை இருந்த பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் முத்தாயி தன் பாதியைக் கடித்தாள்.